வடசென்னையில கொலை கேஸ் பார்க்கிற போலீஸோட பழகின அனுபவம் இருந்தா சொல்லுங்க

வியாசர்பாடியில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். 2019-ல எங்க தெருமுனையில ஒரு பையனை வெட்டிட்டாங்க. ரெண்டு கோஷ்டி, பழிக்குப் பழி. பேரெல்லாம் வேணாம், நான் இன்னும் இங்கதான் குடியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி ஷட்டரைத் தட்டினாங்க. மஃப்டியில ஒரு இன்ஸ்பெக்டர், கூட கிரைம் டீம் பசங்க ரெண்டு பேர். "அண்ணா, கேமரா ஓடுதா?" அவ்ளோதான். மிரட்டல், உருட்டல் எதுவும் இல்ல. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு மானிட்டர் முன்னாடி உட்கார்ந்தார். முதல் வேலையா தன் செல்போனை ஸ்கிரீன் பக்கத்துல பிடிக்கச் சொல்லி, ரெண்டு டைமும் தெரியற மாதிரி போட்டோ எடுக்க வெச்சார். கேமரா பதிவாகுற என் டிவிஆர் பொட்டி பதினாலு நிமிஷம் பின்னாடி ஓடுதுன்னு எனக்கே அப்பதான் தெரியும். "இதை இப்பவே எழுதி வெக்கலன்னா கோர்ட்ல பிரிச்சு மேஞ்சுடுவாங்க"ன்னார்.

பைக் போறதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாரோ! நம்பர் பிளேட் விழல. பின்னாடி உட்கார்ந்தவனுக்கு ஒரு கால்ல செருப்பு இல்ல. அதைத்தான் பிடிச்சார்.

நடுவுல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, கவுத்து வெச்சுட்டார். நாலாவது தடவை எடுத்து, "சொல்லும்மா... இல்லடா, இன்னிக்கும் வர முடியாது." அப்புறம் என்கிட்ட, "அண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பினா பிரிண்ட் வருமா?" பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷன். விடிஞ்சா கடைசி நாள், அப்பா கையெழுத்து வேணும். வீட்டம்மா கோவிச்சுக்கிட்டுப் பொண்ணோட திருவொற்றியூர்ல அம்மா வீட்ல இருக்காங்களாம். டிவிஆரை எடுத்துக்கிட்டதுக்கு எழுதின மகஜர்ல என்கிட்ட கையெழுத்து வாங்கின அதே பேனாவால அதுலயும் போட்டார். தேதி எழுதப் போனவர் கை நின்னுடுச்சு. மணி பன்னெண்டு தாண்டியாச்சு, ஸ்கிரீன்ல இன்னும் முந்தின நாள். "எதைப் போடுறது?"ன்னு சிரிச்சார்.

டீம் பையன்தான் அதை பைக்ல கொண்டுபோய்க் கொடுத்தான். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும்ல, அன்னிக்கு எனக்கு அது தோணல.

ஸ்பெஷல் டீம் தேடிட்டு இருக்கும்போதே நாலு பேர் வெளியூர் கோர்ட்ல சரண்டர் ஆகிட்டானுங்க. டிவிஆர் போனது போனதுதான். புதுசு என் கைக்காசு. அந்தக் கடுப்பு இன்னும் இருக்கு.

—

நான் போலீஸ் வீட்டுப் பொண்ணு. அப்பா தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமே பாதி சர்வீஸ். கொலை கேஸ்ல அக்யூஸ்ட் உள்ள போனதும் சமையல்கட்டு காலண்டர்ல தொண்ணூறாவது நாளை எண்ணி வட்டம் போடுவார். அதுக்குள்ள சார்ஜ் ஷீட் போடலன்னா அவன் ஜாமீன் கேட்டு வெளிய வந்துடலாம். வட்டத்துக்கு முந்தின வாரம் வீட்ல எந்த விசேஷமும் வெக்கக் கூடாதுன்னு அம்மா சட்டம். எங்கக்கா நிச்சயதார்த்தமே அதனால தள்ளிப் போச்சு. மாப்பிள்ளை வீட்ல காரணம் கேட்டாங்க. அம்மா "நாள் சரியில்ல"ன்னு சொல்லிட்டாங்க. பொய்யும் இல்லையே! போலீஸ்காரங்களுக்கு வார ஓய்வுன்னு 2021-ல ஆர்டர் வந்தப்போ அப்பா ரிட்டையர் ஆகியிருந்தார்.

—

மறுபடி நான்தான், ஜெராக்ஸ் கடை. கேஸ் என்னாச்சுன்னு கேட்டிருந்தீங்க. மூணு வருஷம் கழிச்சு எனக்குச் சாட்சி சம்மன் வந்துச்சு. ஹைகோர்ட் வளாகத்துக்குள்ள இருக்கிற செஷன்ஸ் கோர்ட். கேமரா பதிவுக்காக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த, சாட்சியச் சட்டம் 65பி பிரிவு சான்றிதழைக் காட்டினாங்க. (2024 ஜூலைல வந்த புதுச் சட்டத்துல அது 63-ஆம் பிரிவாம்.) எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பதினாலு நிமிஷத்தைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் குடைஞ்சார். அந்த போட்டோ இல்லன்னா நான் திணறியிருப்பேன்.

வெளிய வந்தா வராண்டாவுல அவரே நிக்கிறார், டிரான்ஸ்ஃபர் ஆகி வேற ஊர்லேர்ந்து சாட்சி சொல்ல வந்திருக்கார். முடி நல்லா நரைச்சிருந்துச்சு. பொண்ணு டிகிரி முடிச்சாச்சாம். வீட்டம்மாவைப் பத்தி நான் கேக்கல, அவரும் சொல்லல.

"அண்ணா, கேமரா கடிகாரம் சரி பண்ணிட்டீங்களா?"

"புது மிஷின் சார். இது மூணு நிமிஷம் முன்னாடி ஓடுது."