ஞாயிறு காலை பூசை, அப்புறம் சபை: அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி (காரைக்குடிப் பெண்):

எனக்கு 31 வயது. அப்பா கொத்தனார், சுவருக்கு முட்டைப் பூச்சு பூசத் தெரிந்தவர். எங்கள் சுவிசேஷ சபையில் மூப்பரும் அவர்தான். 19 வயதில் கண்மாயில் ஞானஸ்நானம் எடுத்தேன். வேதம் வாசிக்கவும் வாய்விட்டு ஜெபிக்கவும் அந்தச் சபைதான் கற்றுக்கொடுத்தது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருடம் கூட வேலை பார்க்கும் டீச்சரோடு ஓரியூர் போனேன். கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் 1693இல் தலை வெட்டப்பட்ட இடம். ஒரு பாட்டி அங்கிருந்த சிவப்பு மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார். இதெல்லாம் விக்கிரகம் என்று கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் அன்று, தாத்தாவின் கொத்துக்கரண்டியை அப்பா இன்றுவரை துணியில் சுற்றி வைத்திருப்பதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து யோவான் 6ஆம் அதிகாரம் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. தம் மாம்சத்தைப் புசிக்க வேண்டும் என்று இயேசு சொன்னதைக் கேட்டு, 66ஆம் வசனத்தில் சீஷர் பலர் போய்விடுகிறார்கள். 'அடையாளமாகத்தானே சொன்னேன்' என்று இயேசு அவர்களைக் கூப்பிடவில்லை. நாங்களோ மாதம் ஒரு முறை இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் எடுத்து, அது நினைவுகூருதல் மட்டும் என்கிறோம்.

மூன்று மாதமாகக் கத்தோலிக்கக் கோயிலில் ஆறு மணிப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பிறகு சபைக்கும் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. செபமாலையைத் தொட இன்னும் பயம். பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை நான் வாங்கலாமா? மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பதில் (தேவகோட்டை கத்தோலிக்க உபதேசியார்):

தங்கச்சி, நற்கருணை இப்போது வாங்காதே. பங்குச் சாமியாரைப் போய்ப் பார். கொஞ்ச காலம் மறைக்கல்வி, பிறகு சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், அதன்பின் எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலும் நற்கருணையும்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தைத் திருச்சபை ஏற்கும், மறுபடி கொடுக்காது. 'இயேசுவின் நாமத்தில்' என்று மட்டும் கொடுக்கிற சபைகளும் உண்டு, அது செல்லாது. எந்த வார்த்தை சொன்னார்கள் என்று விசாரித்துக்கொள்.

செபமாலைக்குப் பயப்படாதே. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மாதாவுக்குச் செலுத்துவது வணக்கம். செபமாலையில் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே'யின் முதல் பாதி லூக்கா 1:28, 42. ஞாயிறு பள்ளியில் நீயே மனப்பாடம் செய்திருப்பாய்.

பதில் (ஒரு சபை மூப்பர்):

சகோதரி, ஸ்தோத்திரம். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறபடி மத்தியஸ்தர் ஒருவரே. பரிசுத்தவான்களிடம் வேண்டுவது அதோடு எப்படிப் பொருந்தும் என்று அந்தச் சாமியாரிடம் நேராகவே கேளுங்கள். ஆனால் அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். என் மகள் கத்தோலிக்கச் சபைக்குப் போனால் அழுவேன். மூன்று மாதம் சொல்லாமல் போனாள் என்று தெரிந்தால் அதைவிட அழுவேன்.

பதில் (சிவகங்கை அக்கா):

நான் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்து 6 வருடம் ஆகிறது. செபமாலையை முழுதாகச் சொல்லவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஃபாதர் அவசரப்படுத்தவே இல்லை. தொட வருகிறபோது தொடு.

கேட்டவர்:

நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா வேதத்தை எடுத்துக் கொடுத்து யோவான் 6ஐ வாசிக்கச் சொன்னார். 66இல் நிறுத்தினேன். "அடுத்ததையும் வாசி" என்றார். நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று இயேசு பன்னிருவரிடம் கேட்கிற இடம். வாசிக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டேன், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று. "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. தண்ணீரில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தானே" என்றார்.