ஒரு படி அரிசி எந்த ஊருக்கு நிச்சயம்?

வைகைக்கரை: தி.மு.க. தன் தேர்தல் வாக்குறுதியைச் சொன்னபடி முழுமையாக நிறைவேற்றியதற்கு 1967ஆம் ஆண்டு அரிசித் திட்டமே சான்று என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று மாநிலம் முழுக்க மேடை போட்டுப் பேசிவிட்டு, சென்னையிலும் கோவையிலும் மட்டும் ஒரு படி போட்டார்கள். இராமநாதபுரத்துக்காரர்கள் போட்டது வாக்கு இல்லையா?

தென்பெண்ணையார்: எழுதியவன் நான்தான். காங்கிரசு முதல்வர் பக்தவத்சலம் ஆட்சியில் அரிசிக்கு மக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டுப் பேசாதீர்கள். ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே அண்ணா திட்டத்தைத் தொடங்கினார். மானியச் சுமையைக் கருவூலம் தாங்காததால்தான் அது விரிவடையவில்லை.

வைகைக்கரை: கருவூலத்தின் கதையை நான் கேட்கவில்லை. இரண்டு ஊரா, மாநிலம் முழுவதுமா?

நடுவழியான்: 'நிறைவேற்றுதல்' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே?

தென்பெண்ணையார்: வரையறையை மக்களே விருதுநகரில் எழுதிவிட்டார்கள். அதே 1967 தேர்தலில் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் 1,285 வாக்குகளில் தோற்கடித்தார்.

வைகைக்கரை: அந்தத் தோல்விக்கு 1965 மொழிப் போராட்டத்தைக் காரணம் காட்டிச் சென்ற மாதம் இதே இடத்தில் பக்கம் பக்கமாக எழுதியவர் தாங்கள்தான், இன்று வசதிக்கேற்ப அரிசிக்கு மாறிவிட்டீர்கள். அது இருக்கட்டும், வாக்களித்தது பிப்ரவரியில், அரிசி போட்டது அதற்குப் பிறகு. வராத அரிசிக்கு விருதுநகர் எப்படி ஐயா சான்று சொல்லும்? மீண்டும் கேட்கிறேன், இரண்டு ஊரா இல்லையா?

தென்பெண்ணையார்: 2008இல் கலைஞர் மாநிலம் முழுவதும் ஒரு கிலோ அரிசியை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது உங்கள் கண்ணில் படாது.

காவிரிப்பிள்ளை: 2011இல் அம்மா அதையும் விலையில்லா அரிசியாக்கினார் என்பது உங்கள் கண்ணில் பட்டதா?

வைகைக்கரை: காவிரியாரே, உங்கள் பங்காளிச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணையாரின் கணக்குப்படி 1967இல் நிச்சயம் என்றது 41 ஆண்டு கழித்துக் கைக்கு வந்திருக்கிறது. இடையில் எத்தனை தேர்தல்கள், எத்தனை அறிக்கைகள்! சென்னை, கோவை தவிர மூன்றாவதாக ஓர் ஊரின் பெயரைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

தென்பெண்ணையார்: ஊர்ப்பட்டியல் கேட்பவர், காங்கிரசு ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி போட்ட ஒரே ஓர் ஊரையாவது முதலில் சொல்லட்டும்.

வைகைக்கரை: ஒரு படி நிச்சயம் என்று காங்கிரசு சொல்லவே இல்லையே!