பாலம் எழுந்து நின்றுவிட்டது, படுத்தியதெல்லாம் இரு பக்க ஏற்றம்தான்

பாலம் கட்டுகிற வேலை என்றாலே எல்லோரும் தூணையும், அதன்மேல் கிடத்தும் கர்டர் என்ற நீள உத்திரத்தையும்தான் நினைக்கிறார்கள். நான் ஒரு நெடுஞ்சாலை மேம்பாலத்தில் இரண்டு வருடம் தளப் பொறியாளராக இருந்தேன். தூக்கம் கெட்ட இரவுகளை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி பாலத்துக்காக இல்லை. இரண்டு முனையிலும் சுவர் எழுப்பி, மண் நிரப்பி, சாலையை மேலே ஏற்றிக்கொண்டு போகிறோமே, அந்த அணுகுசாலைக்காகத்தான்.

இந்தச் சுவரை ஆர்.இ. வால் (ரீஇன்ஃபோர்ஸ்டு எர்த், அதாவது வலுவூட்டிய மண் சுவர்) என்று சொல்வோம். வெளியே இருந்து பார்த்தால் கான்கிரீட் பலகைகள் மண்ணைத் தாங்கி நிற்பதுபோலத் தெரியும். பலகையின் கனம் ஒரு சாண்கூட இருக்காது, அதனால் அவ்வளவு மண்ணைத் தாங்க முடியாது. பலகையின் முதுகிலிருந்து பட்டைகள் மண்ணுக்குள் போகும். சுவர் பத்து மீட்டர் உயரம் என்றால் பட்டை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். மேலே விழும் மண்ணின் பாரமே பட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதாவது மண் தன்னைத்தானே கட்டிக்கொண்டு நிற்கிறது, பலகை வெறும் முகம். 1960களில் அன்ரி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைக் கொண்டுவந்தார். கடற்கரை மணலில் பைன் ஊசியிலைகளைச் செருகி விளையாடும்போது தோன்றிய யோசனை என்று சொல்வார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மண்ணை 20 செ.மீ. அடுக்காகப் பரப்பி ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஆனால் பலகையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் பெரிய ரோலர் வரக் கூடாது. அங்கே கையால் தள்ளும் சின்ன காம்பாக்டர் மட்டும்தான். பெரிய ரோலர் வந்தால் மண் பக்கவாட்டில் பிதுங்கிப் பலகையை வெளியே தள்ளும். எப்படியும் கொஞ்சம் தள்ளும் என்று தெரிந்துதான் பலகையை உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, மர ஆப்பு வைத்து நிறுத்துவோம். மண் நிரம்ப நிரம்ப அது நிமிர்ந்து நேராகும்.

ஒருநாள் காலையில் போய் ஐந்தாவது வரிசையில் தூக்குக்குண்டு பிடித்தால், மூன்று பலகைகள் நேர்க்கோட்டைத் தாண்டி 35 மி.மீ. வெளியே நிற்கின்றன. முந்தைய நாள் மாலை நான் வேறு பக்கம் கான்கிரீட் போடும் இடத்தில் இருந்தேன். ரோலர் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "ஓரத்துல மண்ணு பொதபொதன்னு இருந்துச்சு சார். அப்படியே விட மனசு வரல. ரெண்டு ரவுண்டு அடிச்சேன்."

என்ன சொல்ல? சோம்பலால் செய்த தப்பு என்றால் திட்டிவிடலாம். இவர் அக்கறையில் செய்திருக்கிறார். ஒன்றரை மீட்டர் கோடு எதற்கு என்று நாங்கள்தான் அவருக்குச் சொல்லவே இல்லை, சுண்ணாம்பில் கோடு மட்டும் போட்டிருந்தோம். இரண்டு மீட்டர் மண்ணை வெட்டி எடுத்து, பலகைகளைக் கழற்றி, மறுபடி நிறுத்த ஒன்பது நாள் போனது. மண் வெட்டும்போது அவர் ஒரு பேச்சுப் பேசவில்லை. இப்படி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

நான் சர்வேயர். எங்கள் தலைவலி மி.மீ. கணக்கு. சாலையோரக் கல்வெர்ட்டின் (சின்ன வாய்க்கால் பாலம்) சுவரில் உளியால் குறி செதுக்கி அதைத்தான் பெஞ்ச் மார்க்காக, அதாவது உயரம் அளக்கும் ஆதாரப் புள்ளியாக வைத்திருந்தோம். எட்டு மாதம் எல்லா லெவலும் அங்கிருந்துதான். நடுவில் ஏதோ டிப்பர் அந்தக் கல்வெர்ட்டை இடித்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. குறி 12 மி.மீ. இறங்கிவிட்டது. ஒரு பக்க அபட்மெண்ட் (பாலத்தின் முனையைத் தாங்கும் சுவர்) பழைய குறியிலும் மறுபக்கம் இறங்கிய குறியிலும் எழும்பிவிட்டன. கர்டருக்கு அடியில் பேரிங் என்ற தாங்கி வைக்கிற பீடங்களை இரு பக்கமும் சேர்த்து அளந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லவேளை, பீடத்தைக் கொஞ்சம் உயர்த்திச் சரிக்கட்ட முடிந்தது. அன்றிலிருந்து மூன்று இடத்தில் குறி வைக்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

இதில் எனக்கு ஆறுதல் லாஃபென்பர்க் பாலம். ரைன் ஆற்றின் குறுக்கே, ஒரு கரை ஜெர்மனி, மறுகரை சுவிட்சர்லாந்து. இரு நாடுகளும் கடல்மட்டத்தை வெவ்வேறு கடலிலிருந்து எடுப்பதால் 27 செ.மீ. வித்தியாசம். அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் 54 செ.மீ. ஏற்ற இறக்கம். அவர்களுக்கே 54 என்றால் என் 12 எம்மாத்திரம் என்று நினைத்துக்கொள்வேன்!

*

கர்டர் ஏற்றுகிற ராத்திரி பற்றி யாரும் எழுதவில்லையே. 30 மீட்டர் கர்டர், 60 டன் கிட்ட, இரண்டு கிரேன். நள்ளிரவு 12 முதல் 4 வரை கீழே போக்குவரத்தை நிறுத்த அனுமதி. தூக்குவதில் எனக்குப் பயமே இல்லை. வைத்த பிறகுதான் பயம். முதல் கர்டர் தனியாக நிற்கும், பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் துணை கிடையாது. உயரமாக, ஒல்லியாக இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் போச்சு. இரு முனையிலும் முட்டுக் கொடுத்துக் கட்டி முடிக்கிற வரை கிரேன் கொக்கியை விடக் கூடாது. மணி 3:40, கீழே வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன, ஒரு பக்க முட்டுக்கு போல்ட் ஓட்டை பொருந்தவில்லை. மேலிருந்து "விட்டுடலாமா" என்று ஒரு குரல். கிரேன் ஓட்டுநர் கையைத் தூக்கி முடியாது என்று காட்டிவிட்டார். சாலை திறக்க 4:50 ஆகிவிட்டது. மறுநாள் விளக்கக் கடிதம் எழுதினோம். எழுதிவிட்டுப் போகிறோம்.

*

நான் கட்டுமானக்காரன் இல்லை, அந்த மாதிரிச் சுவருக்கு எதிரே குடியிருப்பவன். ரோலர் அதிர்வு வைக்கும்போது அலமாரிக் கண்ணாடி கிணுகிணுவென்று ஆடும், தூசிக்கு ஜன்னலையே திறந்ததில்லை. அதையெல்லாம் விடுங்கள். வேலை முடிந்து இரண்டாவது மழையில் ஒன்று கவனித்தேன். சுவரில் எல்லா இடத்திலும் தெளிவாகத் தண்ணீர் கசிய, ஒரே ஒரு இணைப்பில் மட்டும் டீத்தண்ணி நிறத்தில் வந்தது. போன் செய்து சொன்னேன். யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன், மறுநாளே ஒருவர் வந்தார். கையில் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தண்ணீர் வரலாம், வரணும். மண் வரக் கூடாது" என்றார். பலகைக்குப் பின்னால், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்க வைத்த துணி கிழிந்து மண் நழுவுகிறதாம். மேலே சாலையில் அதே இடத்தில் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. தண்ணீர் விஷயத்தைக் குடியிருப்பவர் சொன்னது சந்தோஷம். எங்களில் பலர் அதைப் பார்க்கவே போவதில்லை.

பாலம் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். பாலம் பைல் என்ற ஆழ அடித்தூண்களில் நிற்கிறது, பைல் கீழே பாறையில் ஊன்றியிருக்கும். அது இறங்காது. பக்கத்து மண்மேடு இறங்கும். அடியில் களிமண் இருந்தால் பாரத்தில் அதிலுள்ள நீர் பிழிந்து வெளியேற மாதக் கணக்கில் ஆகும். அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? திறப்பு விழாத் தேதி குறித்த பிறகு களிமண் கேட்குமா? படி மாதிரித் தெரியாமல் சரிவாக இறங்கட்டும் என்றுதான் இரண்டுக்கும் நடுவே அப்ரோச் ஸ்லாப் என்ற கான்கிரீட் பலகை போடுகிறோம். ஒரு முனை அபட்மெண்டில், மறுமுனை மண்ணில். அடியில் மண் அரித்துப் போனால் அதுவும் தொங்கும்.

என் பாலத்தில் போன மாதம் குடும்பத்தோடு போனேன். ஏறும்போது ஒரு சின்னத் தட்டு. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பையன் எழவில்லை, எனக்குத்தான் உறைத்தது. இறங்குகிற பக்கம் வழவழவென்று போனது. அந்த ரோலர்காரர் அடித்தது இறங்குகிற பக்கம்.