கொடைக்கானல் டைம்ஷேர் காட்டேஜ்: 25 வருட மெம்பர்ஷிப், போடுகிற காசுக்குத் தகுமா?

வைகைக்கரை:

வணக்கம். டைம்ஷேர் மெம்பர்ஷிப் (முதலிலேயே பெரிய தொகை கட்டி, வருடா வருடம் சில இரவுகள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை) ஒன்றை வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டூடியோ காட்டேஜ் (தனிப் படுக்கையறை இல்லாத ஒரே அறை), சிவப்பு சீசன் (வருடத்தை நிறங்களாகப் பிரித்ததில் கிராக்கி மிகுந்த ஒரு பிரிவு), வருடத்துக்கு 7 இரவு, 25 வருடம். விலை 4,20,000, அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இப்போதைக்கு 19,500, அதற்கும் ஜி.எஸ்.டி. தனி.

நாங்கள் கணவன், மனைவி, 13 வயதுப் பையன், 9 வயதுப் பெண். சில பயணங்களில் அம்மாவும் வருவார். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். கொடைக்கானல், ஊட்டி, மூணாறுதான் எங்கள் விருப்பம். நீச்சல் குளம், விளையாட்டுக்கூடம், சமையலறை, ஸ்பா என்று வசதிகளைப் பெரிய பட்டியலாகக் காட்டுகிறார்கள். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எது வெறும் பட்டியல்? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பேரேடு:

எதையும் வரியோடு சேர்த்தே பாருங்கள். 4,20,000க்கு வரி 75,600, ஆக உங்கள் கையை விட்டுப் போவது 4,95,600. ஆண்டுக் கட்டணம் வரியோடு 23,010.

விற்கிறவர்கள் இந்த முதல் தொகையை 25ஆல் வகுத்து, பிறகு 7ஆல் வகுத்து, இரவுக்கு 2,832 ரூபாய்தான் என்பார்கள். அதில் இரண்டு செலவுகள் விடுபட்டிருக்கின்றன. ஒன்று ஆண்டுக் கட்டணம்: இரவுக்கு 3,287. இன்னொன்று வட்டி. அதே 4,95,600ஐ 7% வட்டியில் போட்டு வைத்தால், 25 வருடமும் ஆண்டுக்கு 42,528 எடுத்துக்கொண்டே வரலாம்; கடைசி வருடத்தில்தான் கணக்கு காலியாகும். முதலின் உண்மையான ஆண்டுச் செலவு அதுதான். இரவுக்கு 6,075 வருகிறது. இரண்டையும் கூட்டினால் முதல் வருடமே ஓர் இரவு ஏறக்குறைய 9,360. வட்டிக்கு வருமான வரி கட்டுகிறவர் என்றால் 5% போட்டுப் பாருங்கள். அப்போதும் 8,310 ஆகிறது.

இது ஏழு இரவையும் ஒன்றுவிடாமல் பயன்படுத்தினால் வரும் கணக்கு. ஐந்து இரவுதான் போக முடிந்தது என்றால் (7% வட்டிக் கணக்கில்) ஓர் இரவு 13,108 ஆகிவிடும். ஆகவே இரவுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் போகக்கூடிய தேதியில் எத்தனை இரவு கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

ஆண்டுக் கட்டணம் வருடம் 6% ஏறினால் 13ஆம் வருடம் 46,300ஐத் தொடும், 25ஆம் வருடம் 93,000ஐத் தாண்டும். ஓட்டல் வாடகையும் ஏறத்தானே செய்யும் என்பார்கள், அது சரிதான். ஆனால் ஒரு வருடம் பயணமே போகவில்லை என்றால் ஓட்டலுக்குச் செலவு இல்லை. இங்கே போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். உயர்வு விலைவாசிக் குறியீட்டை ஒட்டி என்று எழுதியிருக்கிறதா, நிறுவனம் தீர்மானிக்கும் என்று மட்டும் இருக்கிறதா, உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். ஒப்பந்தத்திலேயே விலை உயர்ந்த வாசகம் அதுதான்.

ஒப்பிட, அதே ரிசார்ட்டின் அதே அறையை அதே தேதிக்கு உறுப்பினர் அல்லாதவர் ஆன்லைனில் என்ன விலைக்கு எடுக்கலாம் என்று தேடுங்கள். பல டைம்ஷேர் ரிசார்ட்டுகள் காலி அறைகளை வெளியாருக்கும் விற்கின்றன. அந்த விலையில் காலை உணவு சேர்ந்திருக்கும். உறுப்பினருக்கு வெறும் அறை மட்டும் என்பது வழக்கம். நாள் வாடகை 7,500 வரை இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5%தான், அதற்கு மேல் போனால் 18%. இதையும் கணக்கில் சேருங்கள்.

மலையோரம்:

வசதி பத்தி நான் சொல்றேன். முதல்ல ஆள் கணக்கு. ஸ்டூடியோவுக்குப் பெரும்பாலும் ரெண்டு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்கதான் அளவு. பல இடத்துல 12 வயசு தாண்டினா பெரியவர். உங்க பையனுக்கு 13. அதாவது முதல் பயணத்துலயே நீங்க அளவு மீறின குடும்பம். அம்மா வந்தா அஞ்சு பேர். கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம், மெத்தையைத் தரையில போடணும், இல்லேன்னா ரெண்டாவது அறை. குளம், ஸ்பா எல்லாத்தையும் விட இதுதான் உங்களைப் பாதிக்கும். ஒன் பெட்ரூம் எடுத்தாலும் ஹால்ல இருக்கிற சோபா கட்டில் ஆறடி ஆள் படுக்கிற நீளமா, பாத்ரூம் ஒண்ணா ரெண்டான்னு கேளுங்க. பெட்ரூம் வழியாத்தான் பாத்ரூமுக்குப் போகணும்னா ஹால்ல படுக்கிறவங்க பாடு திண்டாட்டம்.

அடுத்தது வெந்நீர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர், ஊட்டி 2,200க்கு மேல. குளிர்காலக் காலையில குழாய்த் தண்ணி 15 டிகிரின்னு வச்சுக்குங்க. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் அதை 55 டிகிரிக்குக் கொண்டுவர 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். பச்சைத் தண்ணி கலந்தா இதமான சூட்டுல 24 லிட்டர் கிடைக்கும், அதாவது ஒரு பெரிய பக்கெட். அஞ்சு பேர் குளிக்க ஒண்ணே முக்கால் மணி நேரம், நடுவுல கரண்ட் போகாம இருந்தா. 25 லிட்டர் கீசரா, சோலாரா, பாய்லர்ல இருந்து வர்ற பொது லைனா, ஜெனரேட்டர்ல கீசர் ஓடுமான்னு கேளுங்க. நிறைய இடத்துல ஜெனரேட்டர் விளக்குக்கும் டிவிக்கும் மட்டும்தான்.

சமையலறைக்குக் காசு கொடுக்கலாம், ஆனா உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரிக்குக் கிட்டவே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்துல பருப்பு லேசுல வேகாது, சாதமும் நேரம் இழுக்கும். குக்கர் கட்டாயம். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன், அதுல சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடி தட்டையான, இண்டக்‌ஷனுக்குன்னே வர்ற 3 லிட்டர் ஸ்டீல் குக்கரைக் கையோட எடுத்துட்டுப் போகணும். சில ரிசார்ட்ல அடுப்பையே எடுத்துட்டு கெட்டிலும் சின்ன ஃப்ரிட்ஜும் வச்சு, அதையே கிச்சனெட்னு எழுதறாங்க. அப்ப மூணு வேளையும் அவங்க உணவகம்தான். ராத்திரிச் சாப்பாடு ஆளுக்கு 800னு வச்சாக்கூட நாலு பேருக்கு 3,200. ரிசார்ட் ஊரை விட்டு ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்தா வெளியில போய்ச் சாப்பிட டாக்ஸி வேற.

குளம்: மலையில வெந்நீர்க் குளமா இல்லேன்னா அதைக் கணக்குலயே எடுக்காதீங்க. விளையாட்டுக்கூடம் இலவசமா, ஒவ்வொண்ணுக்கும் டோக்கனான்னு பாருங்க. ஸ்பா தனிக் காசுதான், அது வசதியே இல்ல, கடை.

ஈரம் பத்தி யாரும் கேக்கறதில்ல. கொடைக்கானல்ல அக்டோபர், நவம்பர் மழை. மூணாறு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கொட்டும், வெளியில கால் வச்சா அட்டை. மரப்பலகை போட்ட காட்டேஜ்ல அலமாரிக்குப் பின்சுவர், கட்டில் தலைமாடு, கம்பளி மூணையும் பாருங்க. புதுசா ஒரு மூலைக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிருந்தா அங்க கசிவு இருக்கு. ரூம் ஹீட்டர் வாடகையா, சும்மாவான்னும் கேட்டுக்குங்க.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. ஆள் கணக்கை யோசிக்கவே இல்லை. ஒரு வருடம் போகாவிட்டால் அடுத்த வருடத்துக்கு இரவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் ஆர்.சி.ஐ. என்ற டைம்ஷேர் பரிமாற்ற நிறுவனம் மூலம் வெளிநாட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். மே மாதமும் சிவப்பில் கிடைக்குமாம். எவ்வளவு தூரம் நம்பலாம்?

சீசன்காரர்:

சிவப்பு என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் தனி நாட்காட்டி உண்டு. மே மாதம் கொடைக்கானலுக்கு உச்சம், கோவாவுக்கு மந்தம். சிவப்புக்கு மேல் ஊதா என்று ஒரு நிலை வைத்திருக்கும் திட்டங்களில் மலைவாசத்தலங்களின் கோடை வாரங்களும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும் அதற்குள் போய்விடும். எனவே மூன்று ஊர்களின் நாட்காட்டியையும் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்தில் உங்கள் பள்ளியின் காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைத் தேதிகளை வைத்து, எத்தனை வாரங்கள் பொருந்துகின்றன என்று பென்சிலால் குறியுங்கள். ஆறு வாரத்துக்குக் குறைந்தால் இந்த நிறம் உங்களுக்கு உதவாது.

நிறம் பொருந்துவது நுழைவுச்சீட்டு மாதிரிதான்; அறை கிடைப்பது வேறு விஷயம். முன்பதிவு எத்தனை மாதம் முன்பு திறக்கிறது, மேல்நிலை உறுப்பினர்களுக்கு முன்னதாகவே திறக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே, இருக்கிற உறுப்பினர் ஒருவரின் திரையில் வரும் மே இரண்டாவது வெள்ளி முதல் ஞாயிறு வரை கொடைக்கானல் ஸ்டூடியோ காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இரவுகளைச் சேர்ப்பது நல்ல வசதிதான், ஆனால் வரம்பு உண்டு. எத்தனை வருடம் வரை, கட்டணம் பாக்கி இருந்தால் சேருமா, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எத்தனை இரவு கழியும் என்று பாருங்கள். பள்ளி விடுமுறையில் மட்டும் போகிறவருக்கு 14 இரவு சேர்ந்தாலும் போகும் வாரங்கள் அதேதான்.

ஆர்.சி.ஐ. பரிமாற்றம் உண்மையில் நடக்கிற ஒன்று. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு, உங்கள் வாரத்துக்கு எவ்வளவு கிராக்கி இருக்கிறதோ அதற்கேற்பத்தான் எதிரில் கிடைக்கும். ஸ்டூடியோவை வைத்து ஆகஸ்டில் ஐரோப்பாவில் இரண்டு படுக்கையறை எதிர்பார்க்க முடியாது. விமானச் செலவும் உங்களுடையது. இதை ஒரு காரணமாக வைத்து வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் உயர் நீதிமன்றம் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும் கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வண்டிகளுக்கு வரம்பு வைத்தது. அறை உறுதியான அன்றே பாஸுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தச் சிக்கல் இல்லை.

மனுதாரர்:

ஒப்பந்தத்தைப் பற்றி. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆகவே கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பிடி. நிலமோ கட்டடமோ உங்கள் பெயருக்கு வராது, தங்கும் உரிமை மட்டும்தான். சொத்து என்று யாராவது சொன்னால் பத்திரப் பதிவு எந்த அலுவலகத்தில் என்று கேளுங்கள். வாய்மொழி உறுதிகள் செல்லாது என்று ஒரு பிரிவு கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். மே மாதம் கிடைக்கும் என்றால், அதை நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லை என்றால் அந்த உறுதி இல்லை என்றே கொள்ளுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் அவகாசம் பெரும்பாலும் 10 நாள். அது சட்டம் கொடுத்ததல்ல, ஒப்பந்தம் கொடுப்பது. பணம் கட்டிய நாளிலிருந்தா, கையெழுத்திட்ட நாளிலிருந்தா என்பதுதான் பலர் ஏமாறும் இடம். உறுப்பினர் அட்டை வீட்டுக்கு வருவதற்குள்ளேயே பத்து நாள் ஓடிவிடும். ரத்து செய்வதானால் மின்னஞ்சல், ஸ்பீட் போஸ்ட் இரண்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். விற்றவரிடம் போனில் சொன்னது கணக்கில் வராது. "மேனேஜர் பேசுவார்" என்று இழுத்தே அவகாசத்தைக் கரைப்பார்கள்.

வழக்கு என்று வந்தால், ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு (தகராறைத் தனி நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது) இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பயப்பட வேண்டாம். 2018இல் எம்மார் எம்.ஜி.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். சிக்கல் எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். ஆனால் ஒப்பந்தப் பிரிவே நியாயமற்றது என்று சொல்லப்போனால் அது மாவட்ட ஆணையத்தில் நிற்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால், வழக்கு இல்லாமலே சில நிறுவனங்கள் பேச வரும்.

பேரேடு:

இவ்வளவுக்குப் பிறகும் டைம்ஷேர்தான் வேண்டும் என்றால், பழைய மெம்பர்ஷிப்பைக் கைமாற்றி வாங்குவதைப் பாருங்கள். விற்க நினைப்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. அதனால் மூல விலையின் ஒரு பகுதிக்கே கிடைக்கும். ஒன் பெட்ரூமே உங்கள் தொகைக்குள் வரலாம். மீதமுள்ள வருடங்கள், கட்டணப் பாக்கி, பெயர் மாற்றக் கட்டணம், பழைய உறுப்பினரின் சலுகைகள் புதியவருக்கும் தொடருமா, இவை நான்கையும் விற்பவர் சொல்லை நம்பாமல் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். பெயர் மாறிய கடிதம் வரும்வரை முழுத் தொகையும் கொடுக்க வேண்டாம். "உங்கள் மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம், தடையில்லாச் சான்றுக்கு முன்பணம் கட்டுங்கள்" என்று போன் வந்தால், அது மோசடி. உறுப்பினர் பட்டியல் கைக்குக் கை போயிருக்கிறது என்றே அர்த்தம்.

மலையோரம்:

ஓய்வு பெற்ற தம்பதி, ரெண்டே பேர், செவ்வாய்க்கிழமை கிளம்பச் சொன்னாலும் கிளம்புவாங்கன்னா இதே ஸ்டூடியோ நல்லாவே ஒத்துவரும். உங்க குடும்பத்துக்கு, கோடையில ஒரு தடவை ரெண்டு பாத்ரூம் உள்ள வாடகை காட்டேஜ் எடுத்து மூணு ராத்திரி தங்கிப் பாருங்க. அதுக்குப் பிறகும் மனசு மாறலேன்னா, கேக்கவேண்டிய அளவு ஒன் பெட்ரூம்.