கோயில் பின்னாடி ஆறு: மறுபடி வளைச்சு விடலாமா, சிமெண்டே போட்டுடலாமா?

ஆத்தோரத்தான்:
மலேசியாவுல சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) பக்கம் தோட்டத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கேள்வி. போன மழைக்கு கடைசி லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு, உடனே ஒரு கோஷ்டி ஆத்தை ஆழமாத் தோண்டி ரெண்டு பக்கமும் சிமெண்ட் சுவரு எழுப்பணும்னு கையெழுத்து வாங்கிட்டுத் திரியுது. நான் போடல. இந்த ஆறு முன்ன வளைஞ்சு வளைஞ்சு ஓடினதுதான், செம்பனை (எண்ணெய்ப் பனை) நட நிலம் வேணும்னு பாரிட், அதான் வாய்க்கா மாதிரி நேரா வெட்டிட்டாங்க. நேரா வெட்டினா நீளம் குறையும், சரிவு கூடும், தண்ணி வேகம் புடிச்சு அடிய அரிக்கும், அடி இறங்கினா கரை தானா இடியும். கோயில் வேலிக் கம்பம் அந்தரத்துல தொங்குதே, அது இதனாலதான். பழைய வளைவுல ரெண்டு மூணாவது திறந்து விட்டு கரையில மரம் வைக்கச் சொல்லிக் கேப்போமே?

லோரிக்காரன்:
தம்பி, நீங்க மேட்டு வீடு போல. நான் மழை பேஞ்சா சோபாவ கட்டில் மேல ஏத்துற ஆளு. எனக்குத் தண்ணி வேகமா ஓடிப் போயிடணும், அவ்ளோதான். நீங்க அத வளைச்சு வளைச்சு நிக்க வைக்கிறேன்னா எங்க வந்து நிக்கும், என் வீட்லதான. மரம் வேற வைப்பீங்க, அது முறிஞ்சு ரோட்டுக்கு அடியில இருக்கிற பைப்புல சிக்கும், அப்புறம் பாம்பு, உடும்பு, கொசு.

ஜொகூர் மாப்ள:
சிங்கப்பூர்ல பீஷான் பார்க் பாத்திருக்கீங்களா அண்ணே? காலாங் ஆறு அங்க 2.7 கிலோமீட்டருக்கு வெறும் சிமெண்ட் கால்வாயாத்தான் இருந்துச்சு, அத உடைச்சு 3.2 கிலோமீட்டர் வளைவு ஆறா ஆக்கிட்டாங்க, 2012ல முடிஞ்சது. மழை வந்தா தண்ணி பார்க்கு மேல பரவும், ஜனங்க மேல ஏறிக்குவாங்க, வடிஞ்சதும் திரும்ப நடக்கப் போவாங்க. தண்ணி நிக்க இடம் குடுத்துட்டாங்க, அதான் விஷயம்.

லோரிக்காரன்:
அது சிங்கப்பூர் காசு லா. அங்க பார்க் இருந்துச்சு, பரவ விட்டாங்க. இங்க என்ன இருக்கு, என் வீட்டு ஹால்தான் பார்க்கா? அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் கிஸ்ஸிமின்னு ஒரு ஆறு, நானும் யூடியூப்ல பாத்தேன். 103 மைல் வளைஞ்சு ஓடினத 1962லேர்ந்து 1971க்குள்ள 56 மைல் நேர் கால்வாயா வெட்டினாங்க, பறவை மீனெல்லாம் போச்சு, அப்புறம் 1999ல அதுல ஒரு பகுதிய மூட ஆரம்பிச்சு 2021ல போய்தான் முடிச்சாங்க. அதுவும் ரெண்டு பக்கமும் நிலத்த வாங்கினதுக்கு அப்புறம். இங்க நிலத்த யார் குடுப்பா?

ஓய்வு கண்டக்டர்:
நிலம் இருக்குப்பா. ஜேபிஎஸ் (நம்ம வடிகால், நீர்ப்பாசன இலாகா) வழிகாட்டிய எடுத்துப் பாருங்க, 5லேர்ந்து 10 மீட்டர் அகலமான ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் 10 மீட்டர் ஒதுக்கி விடணும், பெரிய ஆறுன்னா 50 வரைக்கும் போகும். செம்பனை இடைவெளி 9 மீட்டர், அதனால இங்க போறது பக்கத்துக்கு ஒரு வரிசை மரம்தான். இப்பவே வெட்டுன்னா தோட்டம் ஒத்துக்காது, ஆபீஸ் கிராணி (எழுத்தர்) கூட பேச மாட்டார். ஆனா 25 வருஷத்துக்கு ஒரு தடவ மறுநடவு பண்ணித்தானே ஆகணும், அப்ப அந்த வரிசைய நடாம விடச் சொல்லிக் கேக்கலாம். அத விட்டா இன்னொரு 25 வருஷம். செம்பனை வேர் மேலாப்புலதான் படரும், கரைய ஆழமாப் புடிக்காது, எத்தனை மரம் ஆத்துல சாஞ்சு கிடக்குன்னு போய்ப் பாருங்க. மூங்கில், அத்தி, சரிவுல வெட்டிவேர் வச்சாலே போதும்.

மின்மினிப் பிரியை:
கரையில பெரெம்பாங் மரமும் வையுங்க, சுங்கை சிலாங்கூர் (சிலாங்கூர் ஆறு) கரையில கம்போங் குவாந்தான்ல மாதிரி மின்மினி வரும்!

ஓய்வு கண்டக்டர்:
வராதும்மா. அது கடல் ஏத்தம் இறக்கம் எட்டுற இடத்துல வளர்ற மரம், அந்த மின்மினிப் புழு கரைச் சேத்துல இருக்கிற நத்தையத் தின்னு வளரும், நம்ம ஆறு ரொம்ப மேல. ஆனா நம்ம மண்ணு அரிச்சு சுங்கை சிலாங்கூர்லதான் போய் விழுது, அது நெஜம்.

கோயில் அக்கா:
ஆம்பளைங்க ஒருத்தரும் யோசிக்கல. செங்குத்தா சுவரு நின்னா திருவிழா முடிஞ்சு கரகத்த எங்க இறங்கி விடுறது? ஏணி வச்சா? கருமாதிக்கு எங்க போறது? படித்துறை இல்லாத சிமெண்டுக்கு எங்க வீட்ல ஒரு கையெழுத்தும் கிடையாது.

லோரிக்காரன்:
அக்கா சொல்றது நியாயம், படி வைக்கச் சொல்லலாம். ஆனா ஒருத்தரும் பைப்பப் பத்திப் பேசலயே. ரோட்டுக்குக் கீழ மூணு உருண்டை பைப்பு, அதுல ஓலையும் மட்டையும் அடைச்சுதான் தண்ணி பின்னாடி ஏறுது. நீங்க ஆத்த வளைங்க நெளிங்க, பைப்பு அப்படியே இருந்தா எனக்கு அதே சோபாதான். மொதல்ல அத எடுத்துட்டு அகலமா ஒரு பாலம் போடச் சொல்லுங்க.

ஆத்தோரத்தான்:
சரிண்ணே, புது மனுவுல மொத வரியே பாலம், ரெண்டாவது கரை ஒதுக்கீடு, மூணாவது வளைவு. நீங்க அந்த சிமெண்ட் மனுவுல போட்ட கையெழுத்த வாபஸ் வாங்குறீங்களா?

லோரிக்காரன்:
வாங்க மாட்டேன். ரெண்டுலயும் போடுறேன், எது மொதல்ல வருதோ வரட்டும்.