புதுப்பிப்பு: ஆழியாறு ஏற்றம், இந்த முறை ஒன்பதாவது வளைவு வரை

போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் மலைச்சாலையில் சைக்கிள் மிதித்து, ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே தொடை பிடித்துத் திரும்பி வந்ததை இங்கே எழுதியிருந்தேன். கியரைக் குறைக்கவும், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கவும் சொன்னீர்கள். அப்படியே செய்தோம்.

ஞாயிறு விடியற்காலையில் பொள்ளாச்சியில் கிளம்பினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. நானும் நண்பனும் முறை வைத்து முன்னால் மிதித்தோம். முன்னால் போகிறவர் காற்றை மறைக்க, ஒரு முழம் இடைவெளியில் அவர் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் காலுக்கு எவ்வளவு ஓய்வு! சோதனைச்சாவடி தாண்டியதும் சிறிய கியர், பேச முடிகிற வேகம், அரை மணிக்கு ஒரு கடலை மிட்டாய். அவ்வளவுதான்.

ஏழாவது வளைவில் மறுபடி தொடை இறுகியது. "விடாத மாப்ள, இன்னும் ரண்டுதான்" என்று பக்கத்திலேயே வந்தான். வால்பாறைக்கு மொத்தம் 40 வளைவு. ஒன்பதாவதில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே அணைத் தண்ணீர் மின்ன, சுவரோரம் இரண்டு வரையாடுகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.