பாலிஅக்ரிலமைட் ஜெல்லில் செல் உருண்டே கிடக்கிறது, நகரவே இல்லை: உதவி தேவை

கேள்வி (பீடோங், கெடா)
3டி3 ஃபைப்ரோபிளாஸ்ட் (சுண்டெலியின் இணைப்புத் திசு செல்). மென்மையான ஜெல்: 3% அக்ரிலமைட், 0.06% பிஸ் (இழைகளைக் குறுக்கே பிணைப்பது), விறைப்பு சுமார் 0.5 கிலோபாஸ்கல். விறைப்பானது: 8%, 0.48%, சுமார் 40 கிலோபாஸ்கல். ஜெல்லில் புரதத்தைப் பிணைக்கும் சல்ஃபோ-சான்பா ஊற்றி, செல் வளர்ப்பு ஹூட்டில் இருக்கும் யூவி விளக்கில் 10 நிமிடம், பிறகு செல் பிடித்துக்கொள்ளும் புரதமான கொலாஜன். 6 மணி நேரமாகியும் இரண்டிலும் செல்கள் உருண்டை. வெறும் கண்ணாடியில் நன்றாகப் பரவுகின்றன. குளிர்ந்த மெத்தனாலில் பிக்ஸ் செய்து (செல்லை அப்படியே நிலைக்க வைத்து) ஆக்டின் புரத இழைக்கான ஃபாலாய்டின் சாயம் போட்டேன், கண்ணாடியில் உள்ள செல்லில்கூட ஆக்டின் இழை தெரியவில்லை. ஜெல் என்றாலே இப்படித்தானா அண்ணா?

பதில் 1
இல்லை தங்கச்சி. 1997-இல் பெல்ஹாம், வாங் என்ற ஆய்வாளர்கள் இதே வகை ஜெல்லில் காட்டியது, மென்மையானதில் பரவல் குறையும், நகர்வு கூடும் என்று. உங்களுடையது நகரவும் இல்லை, 40-லும் உருண்டை. கோளாறு விறைப்பில் இல்லை, பூச்சில்.

பாலிஅக்ரிலமைட்டில் செல்லும் ஒட்டாது, புரதமும் ஒட்டாது. கொலாஜன் பிணைந்தால்தான் செல்லின் மேற்பரப்பில் உள்ள பிடிப்புப் புரதமான இன்டெக்ரினுக்குப் பிடி கிடைக்கும். பிடி இல்லாமல் இழுக்கும் புரதமான மயோசின் ஆக்டினை எதன்மேல் இழுக்கும்?

முதல் சந்தேகம் விளக்குதான். ஹூட்டில் இருப்பது கிருமி கொல்லும் 254 நானோமீட்டர். உங்களுக்கு வேண்டியது 365. சல்ஃபோ-சான்பாவின் ஆரஞ்சு நிறம் பழுப்பாக மாறினால்தான் வேலை நடந்தது என்று அர்த்தம். அடுத்தது ஈரம். குளிரில் இருந்து எடுத்த சல்ஃபோ-சான்பா பாட்டிலை உடனே திறந்தால் நம்ம ஊர்க் காற்று உள்ளே பனித்துவிடும், தூள் கெடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள். டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து, பிஎச் 8.5 ஹெப்பெஸ் பஃபரில் கலந்த உடனே ஜெல்மேல் ஊற்றுங்கள். தண்ணீர் பட்டபின் காத்திருக்காது. டிரிஸ் பஃபர் கூடவே கூடாது, அதன் அமீனே வினையைத் தின்றுவிடும். கழுவிவிட்டு கொலாஜன் 0.2 மில்லிகிராம்/மில்லிலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுக்க.

பதில் 2
ஃபாலாய்டின் கதை வேறு. அது ஆக்டின் இழையின் உருவத்தைப் பார்த்துத்தான் பிடிக்கும். மெத்தனால் அந்த உருவத்தையே குலைக்கும். 4% ஃபார்மால்டிஹைட் 15 நிமிடம், 0.1% டிரைட்டான் (செல் சவ்வில் துளையிட) 5 நிமிடம், பிறகு சாயம். எண்ணெய் லென்ஸ் என்றால் ஜெல் இருக்கும் கவர்ஸ்லிப்பை (மெல்லிய கண்ணாடித் துண்டை) கவிழ்த்து, செல் பக்கம் லென்ஸுக்கு அருகில் வரும்படி வைத்துப் பாருங்கள்.

கேள்வி
நன்றி அண்ணா, அக்கா. இன்னொன்று: ஜெல்லின் ஓரம் உறையாமல் வழுக்குகிறது.

பதில் 1
தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு அமிலம் விட்டுத் திறந்த தட்டில் உறைய வைப்பதுபோல இதைச் செய்ய முடியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையை நிறுத்திவிடும். 18 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்கு 25 மைக்ரோலிட்டர் விட்டு உடனே மூடுங்கள், 100 மைக்ரோமீட்டர் கனம் வரும். 8% கலவை 1 மில்லிலிட்டருக்கு: 40% அக்ரிலமைட் 200, 2% பிஸ் 240, பஃபர் 549, 10% ஏபிஎஸ் 10, டெமெட் 1 மைக்ரோலிட்டர் (கடைசி இரண்டும்தான் உறைய வைப்பவை). ஏபிஎஸ் கரைசலை அன்றன்றைக்கே கலக்குங்கள், பழசு உறைய வைக்காது. உறையாத அக்ரிலமைட் நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், செல் போடும் முன் பிபிஎஸ் உப்புக் கரைசலில் நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள்.